மருந்துக்கடையிலிருந்து உளவியலுக்கு: 36 வயதில் எம்.எஸ்சி. சேரலாமா?

புதூர்_மருந்துக்கடை
14 செப்டம்பர் 2025, இரவு 10.50

வணக்கம். வழக்கமாக இங்கே படித்துவிட்டு மட்டும் போகிறவன், இன்றுதான் எழுதுகிறேன்.

பி.ஃபார்ம். முடித்து 14 வருடம் ஆகிறது. மூன்று வருடம் மருந்து கம்பெனி ரெப். அப்புறம் 11 வருடமாக மதுரை கே.புதூரில் சொந்தக் கடை. வயது 36. மனைவி பள்ளி ஆசிரியை, மகள் ஐந்தாம் வகுப்பு. கடையில் பெரிய லாபம் இல்லை, நஷ்டமும் இல்லை.

தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்கள்தான் என் தலைவலி. அல்பிரசோலம், சோல்பிடெம் எல்லாம் எச்1 அட்டவணை மருந்துகள். சீட்டு இல்லாமல் தரக் கூடாது. சீட்டு இருந்தாலும் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நான் அதில் கறார். ஆனால் "இல்லைங்க" என்று சொன்ன பிறகும் சிலர் போக மாட்டார்கள். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

போன ஆடியில் ஒரு அம்மா, கடை அடைக்கிற நேரம். பழைய மாத்திரை அட்டையைக் காட்டி இதில் ஒன்று வேண்டும் என்றார். சீட்டு இல்லை. நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம் பேசினார். மகன், மருமகள், வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தது, அதற்குப் பிறகு சமையல்கட்டில் தனியாகச் சாப்பிடுவது. நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று தெரிந்தால்தானே. போகும்போது ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார், கடைக்குச் சும்மா வந்ததாக இருக்கக் கூடாது என்பது போல.

அதிலிருந்து உளவியல் படிக்க வேண்டும் என்று ஒரே நினைப்பு. கேள்விகள் இவைதான். பி.ஃபார்ம். வைத்துக்கொண்டு எம்.எஸ்சி. உளவியல் சேர முடியுமா? கடையைப் பார்த்துக்கொண்டே தபாலில் படிக்கலாமா? முடித்ததும் "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" (மருத்துவ உளவியலாளர்) என்று பலகை வைக்கலாமா? வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. அம்மாவிடம் லேசாகச் சொன்னதற்கு "உனக்கு என்னப்பா ஆச்சு" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

சிம்மக்கல்_கணக்கு
14 செப்டம்பர் 2025, இரவு 11.20

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். படிக்க ஆசையா, கடையை விட்டுத் தப்பிக்க ஆசையா? நானும் 33 வயதில் தணிக்கை வேலையை விட்டுவிட்டு சட்டம் படிக்கக் கிளம்பினேன். ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, எனக்குப் பிடிக்காமல் போனது கணக்கு இல்லை, என் முதலாளி.

மேலூர்_மாமா
15 செப்டம்பர் 2025, காலை 6.05

தம்பி, நல்லா ஓடுகிற மருந்துக்கடையை வைத்துக்கொண்டு பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்கிறீர்களே. ஊரில் அவனவன் மருந்துக்கடை லைசென்ஸுக்கு நாயாய் அலைகிறான். என் மகளை டி.ஃபார்ம். படிக்க வைத்ததே நாளைக்கு ஒரு கடை போடலாம் என்றுதான். படியில் உட்கார்ந்து ஒரு கிழவி அழுதால் அதற்கு இரண்டு வருடம் காலேஜா? ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். எங்கள் அப்பத்தா காலத்தில் திண்ணை என்று ஒன்று இருந்தது, அதுதான் கவுன்சிலிங்.

திருநகர்_அக்கா
15 செப்டம்பர் 2025, மதியம் 2.15

மாமா சொன்ன திண்ணையை நான் மறுக்க மாட்டேன். திண்ணைகளை இடித்து கிரில் கேட் போட்ட பிறகு அந்த வேலைக்கு வேறு ஆள் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

நான் எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி முடித்தவள், ஒன்பது வருடமாக இதே வேலை. தம்பி கேட்டதற்கு வரிசையாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் பலகை. எம்.எஸ்சி. முடித்தவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. அந்தப் பெயருக்கு இந்தியாவில் ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும். 1992ஆம் ஆண்டு சட்டம் அது. பதிவு இல்லாமல் அந்த வேலையைச் செய்தால் ஒரு வருடம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், 1992 பணம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்பதற்குத் தனி வரையறை உண்டு: ஆர்.சி.ஐ. ஒப்புதல் பெற்ற இடத்தில் தகுதி பெற்றவர், அல்லது முதுகலைக்கு மேல் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில்., அதுவும் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகியவர். "மேற்பார்வையில்" என்ற சொல்லை மட்டும் அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் நுழைவது கடினமில்லை. மேலே ஒருவர் உட்கார்ந்து நாம் பேசியதைக் கேட்டு "இந்த இடத்தில் ஏன் அவசரப்பட்டு ஆறுதல் சொன்னாய்" என்று கேட்கும் அந்தப் பயிற்சிக்கு இடம் கிடைப்பதுதான் கடினம். இடங்கள் மிகக் குறைவு. நான் மூன்று முறை எழுதித்தான் உள்ளே போனேன்.

இப்போது அந்த எம்.ஃபில்.லே ஆட்டம் காண்கிறது. புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, எம்.ஃபில். படிப்பை எடுத்துவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு தந்தார்கள். அதற்கு மாற்றாகப் புதிய படிப்புகள் வருகின்றன. நீங்கள் அந்தப் படிக்கு வருவதற்குள் பெயர்ப் பலகைகள் மாறியிருக்கும். எங்கே சேர்வதானாலும் அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, அந்த வருடத்துக்கு ஆர்.சி.ஐ. பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள். கல்லூரி வாசலில் இருப்பவர் சொல்வதை நம்ப வேண்டாம்.

அடுத்தது தபால் படிப்பு. ஒரு வருடம் முன்னால் கேட்டிருந்தால் இக்னோ (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) என்று சொல்லியிருப்பேன். எந்தப் பட்டம் இருந்தாலும் அங்கே எம்.ஏ. உளவியல் சேர முடிந்தது. ஆனால் இந்த ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் உளவியலும் வருவதால், மருத்துவம் சார்ந்த படிப்பை வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியாது என்பது வாதம். என் கருத்தைக் கேட்டால் பாதி சரி, பாதி கொடுமை. பயிற்சி நேரில்தான் வேண்டும். ஆனால் குழந்தையை வைத்துக்கொண்டு இரவில் படித்துத் துறை மாறிய எத்தனையோ பெண்களுக்கு அந்த ஒரு கதவுதான் திறந்திருந்தது.

ஆக, உங்களுக்கு நேரடி வகுப்புதான். கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறு. சில இடங்களில் எந்தப் பட்டமும் போதும், சில இடங்களில் பி.எஸ்சி. உளவியல் கட்டாயம். சேரும்போதே மதிப்பெண் 55 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே எம்.ஃபில். போனவர்கள் எல்லோரிடமும் பொதுவாகக் கேட்டது அதுதான், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு.

பி.ஃபார்ம். வீண் என்று நினைக்காதீர்கள். என்னோடு படித்தவர்கள், மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் சாப்பிடுகிறவருக்கு ஏன் அடிக்கடி ரத்தப் பரிசோதனை என்று புரிந்துகொள்ளவே ஒரு செமஸ்டர் ஆனது. உங்களுக்கு அது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஒன்று மட்டும், உளவியலாளர் மருந்து எழுத முடியாது. 11 வருடம் மருந்தைக் கையில் வைத்திருந்தவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

புதூர்_மருந்துக்கடை
15 செப்டம்பர் 2025, இரவு 11.05

அக்கா, இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. சிம்மக்கல் சார் கேட்டதற்கும் யோசித்தேன். கடை பிடிக்காமல் போகவில்லை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் கொடுப்பது போதவில்லை என்று தோன்றுகிறது. தப்பிப்பது ஆகுமா இது, தெரியவில்லை.

இப்போது ஒரு புதுச் சிக்கல். நேரடி வகுப்பு என்றால் காலை ஒன்பது முதல் மூன்று மணி வரை நான் கடையில் இருக்க முடியாது. சுவரில் மாட்டியிருப்பது என் சான்றிதழ். பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமல் கடை நடத்தக் கூடாது. பையனை உட்கார வைத்துவிட்டுப் போகிற கடைகள் ஊரில் உண்டு, நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஒருவரை வேலைக்கு வைத்தால் அந்தச் சம்பளம் போக வீட்டுக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட வேண்டும்.

வைகைக்கரை
16 செப்டம்பர் 2025, காலை 8.30

நான் அந்த மூடிய கதவு வழியாக வந்தவன். ஐ.டி.யில் ஏழு வருடம். 2019இல் இக்னோவில் சேர்ந்து 2021இல் முடித்தேன். இப்போது மதுரையில் ஒரு பள்ளியில் ஆலோசகர்.

யாரும் எனக்குச் சொல்லாத சிலவற்றைச் சொல்கிறேன். உளவியல் என்றால் எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசுவது என்று நினைத்துத்தான் போனேன். முதல் வருடம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நட்சத்திரம் வரைந்தேன். நிஜமாகத்தான். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, இரண்டு கோட்டுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும், எத்தனை முறை கோட்டைத் தாண்டினோம் என்று எண்ண வேண்டும். கை எதிர்ப் பக்கமாகவே போகும். என் மனைவி பார்த்துவிட்டு "இதுக்கா வேலையை விட்டீங்க" என்றாள். பத்தாவது முறை கை தானாகத் திருந்தியபோதுதான் கற்றல் என்ற சொல்லுக்கு அர்த்தம் புரிந்தது.

அப்புறம் புள்ளியியல். துறை மாறி வருகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் வழுக்குவார்கள். உங்கள் கடையை வைத்தே சொல்கிறேன். சித்திரைத் திருவிழா மாதம் ஓ.ஆர்.எஸ். விற்பனை கூடுகிறது என்று உங்களுக்குத் தோன்றும். அது திருவிழாவாலா, வெயிலாலா, இல்லை எல்லா மாதமும் ஏறி இறங்குகிற சாதாரண ஏற்ற இறக்கம்தானா? இதைப் பிரித்துப் பார்ப்பதுதான் டி-சோதனை, அனோவா எல்லாம். சராசரி, திட்ட விலக்கம் இரண்டையும் இப்போதே உங்கள் பில் புத்தகத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள். ஜமோவி என்று இலவச மென்பொருள் உண்டு. எண்ணைப் பார்த்து பயம் போய்விட்டால் மீதி எல்லாம் படித்தால் வந்துவிடும்.

சம்பளம். பள்ளியில் எனக்குக் கிடைத்த முதல் சம்பளம் ஐ.டி.யில் நான் கட்டிய வரியை விடக் குறைவு. பெருமைக்குச் சொல்லவில்லை. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால் வேலை கிடைக்கும். ஆனால் பல இடங்களில் அந்த ஆலோசகர்தான் பேருந்துப் பொறுப்பு, ஆண்டு விழாப் பொறுப்பு, ஆசிரியர் வராத வகுப்புக்குக் காவல். ஒரு பையன் அழுதுகொண்டு உள்ளே வரும்போது எனக்கு அசெம்ப்ளி மைக் டெஸ்ட் செய்யப் போக வேண்டியிருந்தது ஒரு நாள். அன்று கொஞ்சம் வெறுத்தது.

வாடிப்பட்டிக்காரி
16 செப்டம்பர் 2025, மாலை 5.45

ஆறே மாதத்தில் ஆலோசகர் ஆகலாம், சனி ஞாயிறு வகுப்பு, முடிவில் தங்க முத்திரை போட்ட சான்றிதழ் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். நான் 35,000 ரூபாய் கட்டினேன். மொத்தம் பன்னிரண்டு வகுப்பு. அதில் இரண்டு ஹிப்னாடிசம், ஒன்று கையெழுத்தை வைத்துக் குணம் சொல்வது. கடைசி நாள் குரூப் போட்டோ. அந்தச் சான்றிதழை வைத்து எங்கும் நுழைய முடியவில்லை. பிரேம் மட்டும் நல்ல பிரேம்.

மேலூர்_மாமா
16 செப்டம்பர் 2025, இரவு 7.10

35,000 ரூபாய்க்கு கையெழுத்து ஜோசியமா. கிளி ஜோசியர் பத்து ரூபாய்தான் வாங்குவார் அம்மா.

லீட்ஸ்_மாப்பிள்ளை
17 செப்டம்பர் 2025, அதிகாலை 3.40

நரிமேட்டுப் பையன், இப்போது இங்கிலாந்தில். வெளிநாடு யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். வேறு பட்டம் வைத்திருக்கிறவர்களுக்காகவே இங்கே "கன்வெர்ஷன்" எம்.எஸ்சி. உண்டு. முழுநேரமாகப் படித்தால் பெரும்பாலும் ஒரு வருடம். பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் உள்ள படிப்பாக இருந்தால் அடுத்த படிக்குப் போக அடிப்படைத் தகுதி கிடைக்கும். ஆனால் அதை முடித்துவிட்டு இங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக முடியாது. அதற்கு மேலே மூன்று வருட முனைவர் பயிற்சி, அதில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இங்கே ஒரு வேடிக்கை, வெறும் "சைக்காலஜிஸ்ட்" என்ற பெயரைச் சட்டம் காப்பதில்லை. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். "கிளினிக்கல்" போன்ற அடைமொழியை முன்னால் சேர்த்தால்தான் பதிவு வேண்டும்.

அமெரிக்காவில் என் அத்தை மகள் படிக்கிறாள். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் முனைவர் பட்டம் இல்லாமல் சைக்காலஜிஸ்ட் உரிமம் கிடையாது. குடும்பம், கடை எல்லாம் வைத்திருக்கிற அண்ணனுக்கு இது ஒத்து வராது என்பது என் எண்ணம். நோயாளி தமிழில் பேசுகிற ஊரிலேயே இருப்பதுதான் அவருக்குப் பலம்.

திருநகர்_அக்கா
17 செப்டம்பர் 2025, இரவு 9.30

மாப்பிள்ளை கடைசியாகச் சொன்ன வரிக்கு ஒரு பின்னிணைப்பு.

ஒன்பது வருடத்தில் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லி என்னிடம் வந்த கிராமத்து ஆள் ஒருவர்கூட இல்லை. "நெஞ்சுக்குள்ள அடைக்குது." "வயித்தைப் பிசையுது." "தலைக்குள்ள பூச்சி ஊருற மாதிரி இருக்கு." "கை வேலை ஓட மாட்டேங்குது." "கிறுகிறுன்னு வருது." எல்லாம் உடம்பு மொழி. இவர்கள் முதலில் போவது பொது மருத்துவரிடம், பிறகு ஸ்கேன், பிறகு இன்னொரு ஸ்கேன். அல்லது உங்கள் கடைக்கு வந்து வாயு மாத்திரை கேட்பார்கள் தம்பி. பாடப் புத்தகம் முழுக்க ஆங்கிலம். அதில் படித்ததை இந்தச் சொற்களுக்குள் தேடிக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. இதற்கு வகுப்பில் யாரும் பாடம் எடுக்கவில்லை.

ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு மனச்சோர்வு வினாத்தாள் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. "கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள்" என்று தொடங்கும். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பாட்டியிடம் கேட்டேன். இரண்டு வாரம் என்றால் அவருக்குக் கணக்கு வரவில்லை. "போன அமாவாசையிலிருந்து" என்று மாற்றிக் கேட்டதும் விரல் விட்டு எண்ணிச் சொன்னார், எந்தெந்த நாள் சோறு இறங்கவில்லை என்பது வரை.

அடுத்தது சாமி. பாண்டி கோயிலுக்குப் போய்விட்டு வந்திருப்பார்கள், கோரிப்பாளையம் தர்காவில் தாயத்து கட்டியிருப்பார்கள், குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கியிருப்பார்கள். படித்து முடித்த புதிதில் நான் இதையெல்லாம் கேட்டால் முகத்தைச் சுளிப்பேன். கோயிலுக்குப் போகாதே என்று சொல்கிற ஆளிடம் யாரும் இரண்டாவது முறை வருவதில்லை. இப்போது "மாத்திரையை நிறுத்தாமச் சாப்பிடுங்க, பாண்டிக்குப் பொங்கலும் வைங்க" என்கிறேன். ஒருமுறை குறி சொல்லிப் பேயோட்டுகிற ஒரு கோடங்கியே ஒரு பெண்ணை எங்களிடம் அனுப்பி வைத்தார், "இது எங்கிட்ட அடங்குற கேஸ் இல்ல" என்று. அந்த மனிதருக்கு எது தன் எல்லை என்று தெரிந்திருந்தது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரிகிறது?

ராம்நாட்_ரோடு
18 செப்டம்பர் 2025, மாலை 4.00

அக்கா குணசீலம் சொன்னதும் ஏர்வாடி நினைவுக்கு வந்துவிட்டது. 2001 ஆகஸ்ட் 6. சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகையில் தீப்பிடித்து வெந்து போனார்கள். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன், எங்கள் ஊரிலிருந்து பக்கம். அதற்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது, அந்த மாதிரி இடங்களை மூடினார்கள். நான் சமூகப்பணி படிக்கப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால் ஒரு மாற்று வழி சொல்கிறேன். எல்லோரும் உளவியல் உளவியல் என்கிறீர்கள். எம்.எஸ்.டபிள்யூ., அதாவது முதுகலை சமூகப்பணி, யோசித்தீர்களா? எந்தப் பட்டத்துக்குப் பிறகும் சேரலாம். மதுரை சமூக அறிவியல் கல்லூரியே உங்கள் ஊரில் இருக்கிறது. மேலே மனநல சமூகப்பணிக்குப் போகலாம், 2017 சட்டத்தில் அதற்கும் தனி இடம் உண்டு. சோதனை, ஐ.க்யூ. எல்லாம் உளவியலாளர் வேலை. வீடு, வேலை, உதவித்தொகை, ரேஷன் கார்டு, மருமகள் சண்டை இதெல்லாம் எங்கள் வேலை. நீங்கள் சொன்ன படியில் உட்கார்ந்த அம்மாவுக்கு எது தேவை என்று யோசியுங்கள். எனக்கென்னவோ அவருக்கு ஐ.க்யூ. டெஸ்ட் தேவைப்படவில்லை என்று தோன்றுகிறது.

இன்னொன்று. படிப்பில் பணம் போடுவதற்கு முன் சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு மனநல மறுவாழ்வு மையத்தில் தொண்டு செய்து பாருங்கள். மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992இலிருந்து இருக்கிறது, அது போல இன்னும் சில உண்டு. கேட்டால் உண்டு இல்லை என்று சொல்லிவிடுவார்கள். மூன்று மாதம் போனாலே தெரிந்துவிடும்.

திருநகர்_அக்கா
18 செப்டம்பர் 2025, இரவு 8.15

ராம்நாட் தம்பி சொன்னது சரி. ஐ.க்யூ. டெஸ்ட்டை மட்டும் அவ்வளவு இளப்பமாகச் சொல்லாதீர்கள். பினே-காமத் போட்டு, சமூக முதிர்ச்சி அளவுகோல் போட்டு எழுதிக் கொடுக்கும் ஒரு தாளை வைத்துத்தான் ஒரு அம்மா தன் பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்குகிறாள். குறைபாடு 40 சதவீதம் இருந்தால்தான் பல சலுகைகள். அந்தத் தாளுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்பார்கள். நாள் முழுக்க மரக்கட்டைகளைக் குழியில் பொருத்தச் சொல்லிக்கொண்டு ஸ்டாப்வாட்ச் பிடிப்பதும் எங்கள் வேலைதான். சுவாரசியமாக இருக்காது.

தம்பி, படிப்பெல்லாம் அடுத்த ஜூனில். நாளைக்கே செய்ய ஒரு வேலை. 14416 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி உங்கள் கவுண்டரில் ஒட்டுங்கள். டெலி மானஸ், மத்திய அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். மாத்திரை இல்லை என்று சொல்லும்போது கையில் கொடுக்க ஒன்று இருக்கும்.

சிம்மக்கல்_கணக்கு
19 செப்டம்பர் 2025, காலை 7.00

நான் முதலில் கேட்ட கேள்வியை வாபஸ் வாங்குகிறேன். கடையைக் கூட்டாண்மையாக மாற்றினால் வரியில் எப்படி என்று தனிச் செய்தியில் கேளுங்கள், சொல்கிறேன்.

புதூர்_மருந்துக்கடை
21 டிசம்பர் 2025, இரவு 10.15

மூன்று மாதம் ஆகிவிட்டது. யாராவது இன்னும் இந்தப் பக்கம் வருகிறீர்களா?

14416 ஒட்டினேன். முதல் வாரம் யாரும் பார்க்கவில்லை, லாட்டரி எண் என்று நினைத்துவிட்டார்கள் போல. இப்போது சின்னச் சீட்டாக வெட்டி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஓ.ஆர்.எஸ். அம்மாவும் எடுத்துக்கொண்டு போனார், பேசினாரா என்று நான் கேட்கவில்லை.

அக்டோபரிலிருந்து சனிக்கிழமை மதியம் ஒரு பகல்நேர மையத்துக்குப் போகிறேன். முதல் நாள் வாசலில் ஒருவர், நல்ல இஸ்திரி போட்ட சட்டை, என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து "பயப்படாதீங்க, ஒரு வாரத்துல பழகிரும்" என்றார். அவர் ஊழியர் என்று நினைத்தேன். அவர் என்னைப் புதிதாகச் சேர வந்தவன் என்று நினைத்திருக்கிறார். அங்கே கவர் மடிக்கிறார்கள். என்னையும் மடிக்க வைத்தார்கள். மருந்துக் கவர்தான். எனக்கு அந்த வேலையாவது தெரியும் என்று நினைத்தால், என் மடிப்பு கோணல் என்று நான்கு தடவை பிரித்தார்கள்.

பேசுவதற்காகப் போனேன், மூன்று மாதத்தில் பேசியது கொஞ்சம்தான். ஒருவர் 20 வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். கை நடுக்கம். நான் பார்த்தவுடன் எந்த மருந்து என்று மனதுக்குள் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த நடுக்கத்தால் டீக்கடையில் கண்ணாடி டம்ளர் எடுக்கக் கூச்சப்பட்டு, டீக்கடைக்கே போவதை விட்டுவிட்டார் என்பது ஆறாவது வாரம்தான் தெரிந்தது. 11 வருடமாக அதே மாத்திரையை நானும் விற்றிருக்கிறேன்.

எம்.எஸ்.டபிள்யூ.வா உளவியலா என்று நிறைய மண்டையை உடைத்துக்கொண்டேன். எம்.எஸ்சி. உளவியல்தான் என்று முடிவு. மையத்தில் இருக்கும் உளவியலாளர் அக்கா ஒவ்வொருவரையும் பேச வைத்துவிட்டு, பிறகு தனியாக உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்தேன், எனக்கு அந்த எழுதுகிற வேலை பிடித்திருக்கிறது. அதற்கு மேல் ஆர்.சி.ஐ. படிப்பா இல்லையா என்பதை 38 வயதில் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிச் சம்பளம் என்றாலும் கடை இருக்கிறது. மனைவியிடம் சொல்லிவிட்டேன். "புள்ளியியலுக்கு நான் சொல்லித் தருகிறேன்" என்றாள். அவள் கணக்கு டீச்சர் என்பதை இவ்வளவு நாள் இந்த விஷயத்தோடு சேர்த்து யோசிக்கவே இல்லை நான்.

மீதி இருப்பது ஒன்றுதான். வரும் ஜூனிலிருந்து காலை 9 முதல் 3.30 வரை கடைக்குப் பதிவு பெற்ற மருந்தாளுநர் வேண்டும். ஞாயிறு விடுமுறை. சீட்டில்லாமல் எச்1 மருந்து கேட்டு யார் சத்தம் போட்டாலும் கொடுக்காதவராக இருக்க வேண்டும். புதூர், மூன்றுமாவடி, மேலூர் ரோடு பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வைகைக்கரை
21 டிசம்பர் 2025, இரவு 10.40

கண்ணாடி நட்சத்திரம் வரையும் முதல் நாள் போட்டோ போடவும்.

மேலூர்_மாமா
22 டிசம்பர் 2025, காலை 6.00

என் மகள் டி.ஃபார்ம். முடித்து கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டாள். சத்தம் போடுகிறவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம், வீட்டில் என்னையே அடக்குகிறாள். மேலூரிலிருந்து புதூருக்கு பஸ் இருக்கிறது. சம்பளம் எவ்வளவு என்று முதலில் சொல்லுங்கள்.